பதறாத காரியம் சிதறாது

(கல்முனையில் விவசாயிகளும் தொழிலாளரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)

   



பதறாத காரியம் சிதறாது என்று எமது முன்னோர் சொல்லிவைத்தனர். அந்த ஒரு வரிக்கு இன்றைய விஞ்ஞானம் விரிவுரை எழுதிக்கொண்டிருக்கிறது. கைதேர்ந்தவனின் கை, நெருக்கடி வேளையில் தவறுவது ஏன்? அதனைப் பயிற்சியால் தடுக்க இயலுமா? மெய்நிகர் உலகு என்று பேசப்படும் புதிய கருவி அப்பயிற்சிக்கு எவ்வளவு தூரம் உதவும்? அப்பயிற்சி எந்த மொழியில் நடைபெறல் வேண்டும்? இந்த நான்கு வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். முதல் மூன்றும் விஞ்ஞானம், நான்காவது அரசியல். ஆயினும் முதல் மூன்றுக்கும் விடை கண்டவர்கள் நான்காவதைத் தட்டிக்கழிக்க முடியாது.

கைத்திறன் வாழும் கரை

மருதமுனையிலே தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளியைப் பாருங்கள். கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது, கண் பாவிலே அறுந்த இழையைத் தேடுகிறது. சாய்ந்தமருதுக் கரையிலே வள்ளம் தள்ளும் கடற்றொழிலாளி, எந்த அலையைப் போகவிட்டு எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பதை ஒரு நொடியில் முடிவு செய்கிறார். சம்மாந்துறை வயல்வெளியிலே அறுவடை இயந்திரம் ஓட்டும் இளைஞர், ஈரமண் சக்கரத்தைப் பிடிக்கும் முன்பே அதனை உணர்ந்து திருப்புகிறார். வைத்தியசாலையிலே நள்ளிரவில் வந்துசேர்ந்த விபத்து நோயாளியின் சுருங்கிப்போன நாளத்தைத் தாதியின் விரல் தடவித் தேடிக் கண்டுபிடிக்கிறது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவெல்லாம் பஸ் வண்டி ஓட்டும் சாரதியின் கையிலே ஐம்பது குடும்பங்களின் நம்பிக்கை இருக்கிறது.

இவர்கள் கற்ற கல்வி ஏட்டில் முழுமையாக இல்லை, கையில் இருக்கிறது. எனினும் அந்தக் கை ஒரு நாள் தவறுகிறது. தவறிய பிறகு நாம் என்ன சொல்கிறோம்? விதி என்கிறோம், அல்லது கவனயீனம் என்று அந்த மனிதனைத் தூற்றுகிறோம். இரண்டும் போதா. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டுவதை இஸ்லாம் ஏற்பதில்லை என்பதை இந்தச் சபைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டும் கயிறு எது என்பதையே இங்கு ஆராய வேண்டும்.

கவனம் என்னும் சிறு முற்றம்

மனிதனின் நினைவு பெரிய களஞ்சியம். ஆனால் அந்தந்த நேரத்து வேலை நடைபெறும் முற்றமோ மிகச் சிறிது. ஒரே சமயத்தில் மூன்று நான்கு சங்கதிகளுக்குமேல் அங்கு நிற்க இடமில்லை என்பது இன்றைய உளவியலாரின் கணிப்பு. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் ஏற்கெனவே நின்ற ஒன்று வெளியே போகும்.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினர். சிலர் பந்து எறிந்து விளையாடும் படத்தைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகின்றனர் என்று எண்ணும்படி பணித்தனர். நடுவிலே மனிதக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து மார்பில் அடித்துக்கொண்டு போகிறார். பார்த்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் காணவேயில்லை! கண் திறந்திருந்தது, கவனம் வேறிடத்தில் இருந்தது. கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே வாகனம் ஓட்டுபவரின் நிலையும் இதுவே. தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் ஆபத்து நீங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பறிபோவது கையன்று, கவனம் என்பதே காரணம்.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் மயாமி நகரை நெருங்கிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் இலக்க விமானத்தில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கொன்று எரியவில்லை. அனுபவம் முதிர்ந்த விமானிகள் அனைவரும் அந்த விளக்கிலேயே கவனத்தைச் செலுத்தினர். உயரத்தைக் காத்துவந்த தானியங்கி விடுபட்டதை ஒருவரும் உணரவில்லை. நல்ல விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. நூற்றொருவர் மாண்டனர். பழுதுபட்டிருந்தது ஒரு விளக்கின் குமிழ் மாத்திரமே!

அப்படியாயின் சதாவதானிகள் எவ்வாறு நூறு விடயங்களைக் கவனித்தனர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய வரலாறு தமிழ் முஸ்லிம்கள் பெருமையோடு நினைப்பது. ஒருவர் கவிதைக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகிலே நெல்மணியோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் இறுதியில் விடை வரவேண்டும். இது நூறு கூறாகப் பிளந்த மனத்தின் வேலையென்று நாம் கருதவில்லை. ஒன்றைத் தொட்டு, அதற்குரிய இடத்தில் வைத்து, அடுத்ததற்குச் சென்று, மீண்டும் முதலாவதைத் தப்பாமல் எடுத்துவரும் பழக்கத்தின் வேலையென்றே கொள்ளல் வேண்டும். முற்றம் சிறிதாயினும் வரவும் போக்கும் ஒழுங்காயிருந்தால் அதில் பெருவிழா நடத்தலாம். அந்த ஒழுங்கைத் தருவது பயிற்சி.

அச்சம் செய்யும் வேலை

அச்சம் முழுவதும் தீயதன்று. 1908ஆம் ஆண்டிலேயே யேர்க்ஸ், டொட்சன் என்னும் இரு ஆய்வாளர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடினமான வேலையைக் கற்பதற்கு அளவான தூண்டுதல் உதவுகிறது, அளவு மீறினால் கெடுக்கிறது என்று கண்டனர். உலையில் நெருப்பில்லாவிட்டாலும் சோறு வேகாது. நெருப்பு மிகுந்தாலும் சோறு கருகிப்போகும்.

மிகுந்த அச்சம் என்ன செய்கிறது? நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலெழுகிறது, பார்வை ஒடுங்குகிறது. எதனை நோக்க வேண்டுமோ அதனை விட்டு, எது அச்சுறுத்துகிறதோ அதனையே கண் நோக்குகிறது. எமது இளைஞர்கள் உதைபந்தாட்டத்தில் தண்டனை உதை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, பதற்றம் மிகுந்தபோது உதைப்பவரின் கண் வலையின் மூலையை விட்டுக் காவலாளியிடமே விரைந்து செல்கிறது, நீண்டு நிற்கிறது என்றும், பந்தும் அவர் கைக்கெட்டும் பக்கமே போகிறது என்றும் காட்டிற்று. கண் போன வழியே கால் போகிறது.

இன்னொரு கேடும் உண்டு. கைதேர்ந்தவன், தோற்றுவிடுவோமோ என்று அஞ்சும்போது, தன் கையையே உற்று நோக்கத் தொடங்குகிறான். இருபது ஆண்டு தறி மிதித்தவர், இப்போது எந்தக் கால் என்று எண்ணத் தொடங்கினால் நாடா தடுக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் தம் அசைவைத் தாமே படிப்படியாகக் கண்காணிக்கத் தலைப்பட்டால் ஆட்டம் குன்றுகிறது என்பதை 2001ஆம் ஆண்டு முதலான ஆய்வுகள் உறுதிசெய்தன. கற்றுக்குட்டிக்கு அத்தகைய கண்காணிப்பு நன்மை. முதிர்ந்தவருக்கு அதுவே இடர். ஆகவே திறமை இருந்தால் போதாது. அச்சத்தின் நடுவிலும் அத்திறமை கைகொடுக்குமாறு பழகியிருத்தல் வேண்டும்.

பொய்யில் பழகி மெய்யில் வெல்லுதல்

அச்சத்துக்கு நடுவே பழகுவது எங்ஙனம்? உண்மை ஆபத்தில் பழகினால் உயிர் போகும். ஆபத்தே இல்லாத இடத்தில் மாத்திரம் பழகினால் அந்தப் பழக்கம் நெருக்கடியில் நில்லாது. இரண்டுக்கும் நடுவே ஓரிடம் வேண்டும்.

இந்த உண்மை எமது கிராமங்கள் அறியாததன்று. சீனடி, சிலம்படி கற்பிக்கும் அண்ணாவியார் முதல் நாளே மாணவனை எதிரியின் முன் நிறுத்துவதில்லை. தனியே அடவு, பின் மெதுவாக எதிராளியோடு, பின் வேகமாக, இறுதியில் ஊர் கூடிய அரங்கில். அடி விழலாம், உயிர் போகாது. அச்சத்தைச் சிறு சிறு அளவாக ஊட்டி, மாணவனின் கையைப் பழக்கிய முறை அது.

மேல்நாட்டில் இதே முறையை இயந்திரமாக்கினர். 1929ஆம் ஆண்டு எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக்கொண்டு, நிலத்திலேயே நின்றபடி சரிந்தும் சுழன்றும் விமானம் போல் ஆடும் கூண்டொன்றைச் செய்தார். தொடக்கத்தில் அது வேடிக்கைப் பொருளாகவே மதிக்கப்பட்டது. 1934இல் தபால் சுமந்து பறந்த அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் கெட்ட வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகே இராணுவம் அதனை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அக்கூண்டில் பழகினர்.

இன்றைய மெய்நிகர் உலகு அக்கூண்டின் பேரப்பிள்ளை. கண்களை மூடிய கருவியொன்றை அணிந்தால், கணினி தீட்டிய அறுவைக்கூடமோ கப்பல் மேல்தட்டோ எம்மைச் சூழ்ந்து நிற்கிறது. தலையைத் திருப்பினால் காட்சி திரும்புகிறது. கையை நீட்டினால் அங்கும் ஒரு கை நீள்கிறது. அங்கே தீ மூளலாம், இரத்தம் பெருகலாம், கடல் பொங்கலாம், ஒருவரும் மாளார். தவறிய இடத்தை நிறுத்திப் பார்க்கலாம். நூறு முறை திருப்பிச் செய்யலாம்.

இதனால் பயனுண்டா? உண்டென்பதற்கு 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. பயிற்சியிலிருந்த 16 அறுவைச் சிகிச்சை மருத்துவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கணினித் திரையில் பழக்கினர். பின்னர் இரு பிரிவினரும் உண்மை நோயாளிகளின் பித்தப்பையைச் சிறு துளைவழியே பிரித்தெடுத்தனர். திரையில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைந்து முடித்தனர். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறிடத்தைச் சுட்டுவிடவோ கூடிய வாய்ப்பு ஐந்து மடங்காயிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் கத்தியின்கீழ்ப் படுத்திருப்பவருக்கு அந்த ஐந்து மடங்கு சிறியதன்று.

கருவி மட்டும் போதாது

இதனைக் கேட்டு, கருவியை வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திறப்பு விழாவுக்கு மாலையிட்டுத் திறக்கப்பட்டுப் பின் தூசி படியும் இயந்திரங்களை இந்நாட்டில் காணாதவர் யார்? மெய்நிகர்க் கருவி சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தரும். அதில் கயிற்றின் இழுவை இல்லை; சேற்றின் வழுக்கல் இல்லை; நோயாளியின் தாயுடைய அழுகுரல் இல்லை. அருகில் நின்று, இந்த இடத்தில் உன் கண் ஏன் விலகிற்று என்று கேட்கும் ஆசான் இல்லாவிட்டால் அது விளையாட்டுப் பொருளாகவே முடியும். ஆசானையும் அச்சத்தையும் திருப்பிச் செய்யும் வாய்ப்பையும் ஒருங்கே தருவதுதான் பயிற்சி. கருவி அதற்கு ஒரு கைத்தடி.

பணமில்லாத இடத்திலும் செய்யக்கூடியவை உண்டு. உலக சுகாதார நிறுவனம் அறுவைக்கூடங்களுக்காக வகுத்த ஒரு தாளிலான சரிபார்ப்புப் பட்டியலை, டில்லி உட்பட எட்டு நகர்களின் வைத்தியசாலைகளில் கையாண்டு பார்த்தனர். மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தனர். களைத்த கவனத்தின் சுமையை ஒரு தாள் பகிர்ந்துகொண்டது. அறுவடை இயந்திரத்தின் இருக்கையருகிலும் மீன்பிடிப் படகின் சுக்கானருகிலும் இத்தகைய தாளொன்றை ஒட்டிவைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நெருக்கடியில் வரும் மொழி

இப்போது நான்காவது வினாவுக்கு வருகிறோம். மனத்தின் முற்றம் சிறிது என்றோம். அச்சம் அதனை இன்னும் சுருக்குகிறது என்றோம். அந்தச் சுருங்கிய முற்றத்தில், அரைகுறையாகக் கற்ற ஒரு மொழியைப் பெயர்த்துப் பொருள் காணும் வேலையையும் ஏற்றினால் எஞ்சுவது எவ்வளவு?

1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி, கொலம்பியா நாட்டின் அவியங்கா விமானமொன்று நியூயோர்க் வானில் நெடுநேரம் காத்து நின்றது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகளின் தாய்மொழி ஸ்பானியம், பேசவேண்டியது ஆங்கிலம். எரிபொருள் குறைகிறது என்றார்கள்; முன்னுரிமை வேண்டுமென்றார்கள்; அவசர நிலை என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. தரையில் இருந்தவர்கள் ஆபத்தின் அளவை உணரவில்லை. விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். பிற்காலத்தில் சர்வதேச விமானிகளின் மொழித்தேர்ச்சிக்கு உலக விதிகள் வகுக்கப்பட்டமைக்கு இத்தகைய துயரங்களே காரணம்.

இதற்கு மறுபக்கமான வரலாறு ஒன்று, இந்தக் கரையோரத்தார் நெஞ்சு நடுங்காமல் கேட்க முடியாத நாளைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இந்த அம்பாறை மாவட்டத்திலேதான் கொண்டுபோயிற்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் கொடுத்த பிள்ளைகளை எந்தக் கணக்கும் ஈடுசெய்யாது. அதே நாள், நிலநடுக்கம் தோன்றிய இடத்தை அடுத்திருந்த இந்தோனேசியத் தீவாகிய சிமெலுவேயில், ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் மக்களில் மாண்டவர் எழுவர். காரணம் என்ன? 1907ஆம் ஆண்டு அத்தீவை அழித்த அலையை அவர்கள் தம் தாய்மொழியில் ஸ்மோங் என்று பெயரிட்டுக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். அன்று எவரோ ஸ்மோங் என்று கூவினார். சிந்திக்கக் காத்திராமல் கால்கள் ஓடின.

இரண்டு இடங்களையும் ஒரே தராசில் வைத்தல் முறையன்று. அங்கு நிலம் அதிர்ந்து முன்னறிவித்தது. எமது கரையில் அத்தகைய அதிர்ச்சி இல்லை. ஆயினும் அலை இங்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை சொல்வாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அதனைக் கேட்டவுடன் ஓடப் பழகிய கால்களும் எம்மிடம் இல்லை. தாய்மொழியில் பதிந்த ஒரு சொல்லும், அச்சொல்லோடு பழகிய காலும் சேர்ந்தால் எத்துணைப் பெரிய அரண் என்பதை அந்தச் சின்னஞ்சிறு தீவு உலகுக்குக் காட்டிற்று.

நாம் கேட்பவை

1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது 1987இல். ஏட்டில் ஏறிய அவ்வுரிமை இயந்திரத்தின் கைந்நூலிலும், பயிற்சிக் கூடத்தின் கட்டளையிலும், அபாய அறிவிப்பின் முதல் வாக்கியத்திலும் ஏறும் நாளே அது முழுமையடைந்த நாள். மொழியுரிமையைக் கடிதத் தலைப்புகளின் சங்கதியென்று கருதுவோர் உளர். அது உயிர் காக்கும் உரிமை என்று நாம் கூறுகிறோம்.

ஆகவே நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: தமிழ் பேசும் மக்களுக்கு அரசு நடத்தும் தொழிற்பயிற்சியும் அனர்த்தப் பயிற்சியும் தமிழிலேயே நடைபெறல் வேண்டும். அகராதியைப் புரட்டிப் பார்க்கவேண்டிய தமிழ் அதற்கு ஆகாது. தோணிக்காரரும் வயற்காரரும் வாயால் வழங்கும் தமிழ் வேண்டும்.

இரண்டாவது: ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்முனையின் இரு வைத்தியசாலைகளும், சம்மாந்துறையின் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களும் கூடி, இந்தக் கரைக்கு ஒரு பொதுப் பயிற்சிக் கூடம் அமைத்தல் வேண்டும். மெய்நிகர்க் கருவி அங்கே ஒரு பகுதியாக இருக்கட்டும். முஸ்லிம் தாதியும் தமிழ்த் தாதியும் ஒரே மாதிரி உடலின்மேல் ஒன்றாகப் பழகட்டும். எமது ஊர்களின் எல்லைப் பிணக்குகளை நாம் அறிவோம். இரத்தம் பெருகும் நாளத்துக்கும் பொங்கிவரும் கடலுக்கும் அந்த எல்லைகள் தெரியா.

மூன்றாவது: ஓய்வு. பெரும்போக அறுவடையில் இரவும் பகலும் இயந்திரம் ஓட்டுபவருக்கும், தூரப் பயணச் சாரதிக்கும், தொடர்ந்து இரு முறைவேலை பார்க்கும் தாதிக்கும் உறக்கத்துக்கு ஈடான பயிற்சி உலகில் இல்லை. உறங்காத கையிடம் திறமையை எதிர்பார்ப்பது, நீர் பாயாத வயலில் விளைவை எதிர்பார்ப்பதற்குச் சமம்.

நான்காவது கோரிக்கை எம்மிடமே. புதிய இயந்திரத்தை வயலில் இறக்குமுன் தரிசு நிலத்தில் இளைஞரைப் பழக்குவோம். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியை மௌனமாக்குவோம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் திகதி பிரார்த்தனை முடிந்ததும், பள்ளிவாசலும் கோவிலும் பாடசாலையும் ஒன்றுகூடி, பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலிலிருந்து மேட்டுநிலம்வரை ஒருமுறை நடத்திச் செல்வோம். கால் அறிந்த வழியை அச்சம் மறக்கச் செய்யாது.

சகோதரர்களே! நெருக்கடி வந்தபின் எவரும் புதிதாகத் திறமை பெறுவதில்லை. அமைதி நாளில் எதனைப் பழகினோமோ அதுவே அந்த நாளில் எமது கையில் நிற்கும். அமைதி நாட்கள் இப்போது எமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை வீணாக்காமல் பழகுவோம்; தமிழிலே பழகுவோம்; ஒன்றாகவே பழகுவோம்.